50 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார் கான்ட்ராக்டர், கொடுக்கலாமா?

நங்கநல்லூர்_94
2 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

வணக்கம். நங்கநல்லூரில் அப்பா 1994-இல் கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும், 1,100 சதுர அடி. இரண்டு மழைக்காலமாக ஹால் சீலிங்கில் ஓதம் ஏறிப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. சோபாவை நகர்த்தி நகர்த்தி இப்போது அது வாசல் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறது.

சரி, ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்று முடிவு. மொட்டை மாடியில் பழைய சுருக்கியைப் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம்) பெயர்த்துப் புதிதாகப் போடுவது, இரண்டு பாத்ரூம், சமையலறை, மொசைக் தரைக்குப் பதில் டைல்ஸ், முழு வயரிங், பெயின்ட். டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். மற்றப் பொருளும் கூலியும் சேர்த்து 9,40,000 ரூபாய் என்று ஒரு கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் அவர் செய்த வீட்டைப் போய்ப் பார்த்தேன், வேலை சுத்தம். பணம் கேட்கும் விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஆரம்பிக்கும்போது 50% (4,70,000). 15 நாள் கழித்து 30% (2,82,000). பெயின்டுக்கு முன் 15% (1,41,000). எல்லாம் முடிந்ததும் 5% (47,000).

"எல்லாரும் இப்படித்தான் சார் கொடுக்கறாங்க" என்கிறார். ஆடி முடிந்து ஆவணி முதல் வாரம் வேலை ஆரம்பிக்கப் பேச்சு. ஆளை இழக்கவும் மனமில்லை. மூஞ்சியில் அடித்த மாதிரி இல்லாமல் இதை எப்படிப் பேசுவது?

தூக்குக்குண்டு
2 ஆகஸ்ட், இரவு 10:15

கொடுக்காதீர்கள்.

2022 கார்த்திகையில் வில்லிவாக்கம் வீட்டுக்கு 60% கொடுத்தவன் நான். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் மாசி வரை வரவில்லை. போன் செய்தால் "ஆள் வரல சார், நான் என்ன பண்ணட்டும்." பாத்ரூமுக்குக் கதவு இல்லாமல் இரண்டு மாதம் பழைய புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தோம். விருந்தாளி வந்தால் ஒருவர் வெளியே காவல்.

வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டால் யாரும் தொட மாட்டார்கள். அடுத்தவர் பாதியில் விட்ட வேலை என்றாலே முகம் சுளிக்கிறார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார், மீதி வேலைக்கு நான் முதலில் பேசிய ரேட்டில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வாங்கிக்கொண்டு.

மொட்டைமாடி
3 ஆகஸ்ட், காலை 7:05

எல்லாரும் 50-ஐப் பார்த்துப் பதறுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பயம் தருவது இரண்டாவது வரி. "15 நாள் கழித்து." எதை முடித்த பிறகு என்று இல்லை, நாள் ஓடினால் போதும். 15ஆவது நாள் உங்கள் வீட்டில் என்ன இருக்கும் தெரியுமா? உடைத்த செங்கல்லும் சிமெண்ட் மூட்டையும் இருக்கும். பணம் 80% போயிருக்கும்.

ஆடிப்பெருக்கு, சாதம் கிளற வேண்டும். அப்புறம் வருகிறேன்.

ஃபில்டர்காபி_67
3 ஆகஸ்ட், காலை 8:30

இந்தப் பர்சன்டேஜ் பேச்செல்லாம் எதற்கு? நாங்கள் மேற்கு மாம்பலத்தில் கட்டியபோது பொருள் நாமே வாங்கிப் போடுவோம், ஆட்களுக்குத் தினக்கூலி. சாயங்காலம் நோட்டில் எழுதிக் கையெழுத்து. ஒரு ரூபாய் ஏமாறவில்லை.

மொட்டைமாடி
3 ஆகஸ்ட், பிற்பகல் 2:20

ஐயா, உங்கள் வீட்டில் நாள் முழுக்க யாராவது நின்றிருப்பார்கள். காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்புகிறவர் தினக்கூலிக்கு விட்டால் மூன்று நாள் வேலை ஏழு நாள் ஆகும். எலெக்ட்ரீஷியன் வந்து நிற்கும்போது ஒயர் இருக்காது, ஒயர் வாங்கி வைத்தால் எலெக்ட்ரீஷியன் இருக்க மாட்டார். அந்தத் தலைவலிக்குத்தான் கான்ட்ராக்டருக்குக் காசு.

மேஸ்திரி_வீட்டுப்பிள்ளை
3 ஆகஸ்ட், இரவு 8:50

எல்லாரும் கான்ட்ராக்டரைத் திட்டி முடித்தாயிற்றா? இப்போது நான் வருகிறேன். அப்பா மேஸ்திரி. நான் அம்பத்தூர் பக்கம் சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுக்கிறேன்.

50% அதிகம்தான், நானே கேட்க மாட்டேன். ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்று தெரிந்தால்தான் உங்களால் குறைக்க முடியும். முதல் வாரம் இரண்டு கொத்தனார், மூன்று ஹெல்பர் என்று வையுங்கள். என்னிடம் கொத்தனாருக்கு 1,300, ஹெல்பருக்கு 900. ஆறு நாளைக்கு 15,600-ம் 16,200-ம் சேர்ந்து 31,800 ரூபாய். டீ, வடை தனி. இது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு என் கையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை அந்த ஐந்து பேரும் வேறு சைட்டில் நிற்பார்கள். சிமெண்ட், எம்-சாண்ட், பைப் எல்லாம் தெரிந்த கடையில் 15 நாள் கடனுக்குக் கிடைக்கும். கூலியை யாரும் கடனுக்குத் தர மாட்டார்கள்.

உங்கள் கான்ட்ராக்டருக்கு அநேகமாக இன்னும் இரண்டு சைட் ஓடும். அங்கே ஒரு வீட்டுக்காரர் பணத்தை நிறுத்தியிருப்பார். உங்கள் 4,70,000 வந்தால் அந்த ஓட்டையை அடைப்பார். அப்புறம் உங்கள் ஓட்டையை அடைக்க நாலாவது சைட் தேட வேண்டும். தூக்குக்குண்டு சாருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். ஓடிப்போகிறவர்கள் குறைவு. இப்படி உருட்டி உருட்டி மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

யாரும் பேசாத இன்னொன்று, கடைசிப் பணம். கடைசி 5 சதவீதம் வராது என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் கணக்கே போடுகிறோம். "சுவிட்ச் போர்டு கோணல்", "அந்த மூலையில பெயின்ட் திட்டுத்திட்டா இருக்கு" என்று ஆறு மாதம் இழுப்பார்கள். கொரட்டூரில் ஒரு வீட்டில் எனக்கு 60,000 பாக்கி. போகும்போதெல்லாம் காபி மட்டும் நன்றாகக் கொடுத்தார்கள். நாங்கள் முன்னாடியே வாங்கப் பார்ப்பது இதனால்தான்.

ஆகவே சனிக்கிழமை கூலிக்கு நீங்கள் வழி செய்தால் அட்வான்ஸ் தானாக இறங்கும். வாரம் ஒரு தொகை கொடுங்கள், அதை அடுத்த கட்டப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பணம் எந்தத் தேதியில், எதைப் பார்த்துவிட்டுக் கொடுப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டையும் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும்.

தூக்குக்குண்டு
3 ஆகஸ்ட், இரவு 9:10

என் புடவைத் திரைக்குப் பின்னால் இவ்வளவு பொருளாதாரம் இருந்ததா!

ரசமட்டம்
4 ஆகஸ்ட், இரவு 7:30

சைட் இன்ஜினியராக 20 வருஷம் ஆகிறது. 9,40,000 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பணம் பேசவே முடியாது. முதலில் வேலைவாரியாகப் பிரித்து வாங்குங்கள். மாடிக்கு எவ்வளவு, பாத்ரூமுக்கு எவ்வளவு. தராவிட்டால் அவரே கணக்குப் போடாமல் குத்துமதிப்பாகச் சொன்னார் என்று அர்த்தம்.

அடுத்து, "பாத்ரூம் முடிந்ததும்" என்று எழுதாதீர்கள். முடிந்தது என்று யார் சொல்வது? கண்ணால் பார்க்கிற ஒன்றை எழுதுங்கள். பாத்ரூமில் பைப் வேலை முடிந்து பிரஷர் டெஸ்ட் (பைப்பில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்ப்பது). வாட்டர் ப்ரூஃபிங் அடித்துக் காய்ந்த பிறகு நானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துவது. அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டப் பணம், அதற்குப் பிறகுதான் டைல்ஸ். டைல்ஸ் ஒட்டியபின் தண்ணீர் இறங்கினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் மூடியாகிவிட்டது. மாடியும் அப்படித்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு (மாடித் தரை ஓடு) பதிப்பதற்கு முன்னால் தண்ணீர் கட்டிப் பாருங்கள், மூன்று நாள். டைல்ஸ் கட்டத்துக்கு ஒரு ஒரு ரூபாய் நாணயம் போதும். ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் அடியில் கலவை இல்லை. பாத்ரூம் தரையில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றி வாட்டம் பாருங்கள்.

நாள்கணக்கில் பணம் என்றால் இன்னொரு கேடும் உண்டு. சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் சுவர் காய வேண்டும். பெயின்டுக்கு முன் 1,41,000 என்று இருந்தால் ஈரச் சுவரிலேயே பட்டி பார்த்துவிடுவார்கள். இரண்டு மழையில் கொப்பளிக்கும்.

எக்ஸ்ட்ரா வேலை பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். பழைய வீட்டில் சுவரை உடைத்தால் உள்ளே எதுவும் இருக்கலாம். தொகை, வேலை இரண்டும் வாட்ஸ்அப்பில் வந்து நீங்கள் "சரி" என்று அனுப்பாமல் எந்த எக்ஸ்ட்ராவும் கிடையாது. வாய்ப்பேச்சு செல்லாது.

கணக்குப்பிள்ளை
4 ஆகஸ்ட், இரவு 10:05

பணம் எப்படிக் கொடுப்பது என்பதையும் பேசுங்கள். 4,70,000-ஐ ரொக்கமாகக் கேட்டாரா? வருமான வரிச் சட்டப்படி ஒரே வேலைக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. தனித்தனி நாளில் பிரித்து வாங்கினாலும் வேலை ஒன்றுதான். வாங்குகிறவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். இதைச் சொன்னால் அவரே பேங்கில் போடச் சொல்லிவிடுவார். சனிக்கிழமை கூலிக்கு யுபிஐ போதும்.

ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் வருஷத்துக்கு 20 லட்சம் வரவு வரை பதிவு கட்டாயமில்லை. அவர் பதிவு செய்திருந்தால் இந்த மாதிரி வேலைக்கு 18%. எஸ்டிமேட்டில் வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் கடைசி நாளில் 1,69,200 ரூபாய் முளைக்கும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்கவே கூடாது.

இந்த வேலைக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டாம். சொந்த வீட்டு வேலைக்கு ஒரு கான்ட்ராக்டருக்கு வருஷத்தில் 50 லட்சம் தாண்டினால்தான் அந்தப் பேச்சு.

நங்கநல்லூர்_94
11 ஆகஸ்ட், இரவு 11:20

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்தாயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

போனிலேயே பிரித்த கணக்குக் கேட்டிருந்தேன். வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். மாடி 1,60,000, பாத்ரூம் இரண்டும் 2,30,000, தரை டைல்ஸ் 1,40,000, சமையலறை 90,000, வயரிங் 1,50,000, பெயின்ட் 1,70,000. கூட்டினால் சரியாக 9,40,000. பென்சிலில் அடித்துத் திருத்தின இடங்களும் இருந்தன. குத்துமதிப்பு இல்லை என்று எனக்கு அப்போதே பாதி நிம்மதி.

"50 முடியாதுங்க" என்றேன். "40 பண்ணிடுங்க" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவரும் பேசாமல் இருந்தார். டீயில் ஆடை படிந்தது. அப்பா நடுவில் புகுந்து, "தம்பி, உனக்கு வாரம் கூலிக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். இந்த இழையை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அவர் கால்குலேட்டரைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பினார், 32,000. "சார், உங்களுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வருது. என் ஆளுங்களுக்கு வாராவாரம் சனிக்கிழமைதான் ஒண்ணாம் தேதி" என்றார்.

அங்கேதான் பேச்சு திரும்பியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நாலு மணிக்கு 30,000 நான் அனுப்புகிறேன், கட்டப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். 40 என்றவர் 25-க்கு இறங்கி, 15-இல் நின்றார். கடைக்கு நானே நேராகப் பணம் கட்டட்டுமா என்று கேட்டபோது மட்டும் முகம் சுருங்கியது. "கடை என் பேர்லயே இருக்கட்டும் சார்." அங்கே அவருக்கு ஏதோ கமிஷன் இருக்கும் போல. விட்டுவிட்டேன்.

முடிவானது இது. வேலை ஆரம்பிக்கும் நாள் 1,41,000. மாடியில் மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்த்துத் தட்டோடும் பதித்த பிறகு 1,30,000. பாத்ரூம் தண்ணீர் டெஸ்டுக்குப் பிறகு 1,20,000. வீட்டில் இருந்துகொண்டே வேலை செய்வதால் ஒரு பாத்ரூம் முடிந்துதான் அடுத்தது, அதனால் 60,000 வீதம். வயரிங் இழுத்துச் சுவரை மூடி, சமையலறை மேடையும் முடிந்தால் 1,30,000. டைல்ஸ் எல்லாம் முடிந்து தட்டிப் பார்த்தபின் 1,60,000. பட்டி, ப்ரைமர் முடிந்தபின் 1,00,000. பெயின்ட் முடிந்து, இடிபாடு முழுவதையும் அகற்றி, வீட்டைக் கழுவிக் கொடுத்தபின் 1,12,000. மீதி 47,000 டிசம்பர் 31 அன்று, மழை முடிந்து சீலிங்கைப் பார்த்துவிட்டு.

அந்த 47,000 அவரே முதலில் கடைசிக்கு வைத்திருந்த அதே தொகைதான். முதலில் "மூணு மாசம் நிறுத்தி வைப்பீங்களா?" என்று சங்கடப்பட்டார். தேதியைப் போட்டு, ஒழுகல் இருந்தால் தவிர வேறு எந்தக் காரணத்துக்கும் நிறுத்த மாட்டேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு மடித்து டைரியில் வைத்துக்கொண்டார்.

ஜிஎஸ்டி பதிவு இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஆவணி 5, வியாழக்கிழமை ஆரம்பம்.

மேஸ்திரி_வீட்டுப்பிள்ளை
12 ஆகஸ்ட், காலை 6:40

உங்கள் அப்பாவை என் அடுத்த சைட்டுக்குப் பேச அனுப்புவீர்களா?

இடிபாட்டைச் சேர்த்தது ரொம்ப நல்லது. எல்லாரும் மறப்பது அதைத்தான். ராத்திரியோடு ராத்திரியாகத் தெரு முனையில் கொட்டிவிட்டுப் போனால் மாநகராட்சி அபராதம் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டுக்கென்றே ஆலை இருக்கிறது. வண்டி வாடகை யாருடையது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர்காபி_67
12 ஆகஸ்ட், காலை 9:00

இவ்வளவு எழுதியும் மனிதன் ஏமாற்றினால் என்ன செய்வீர்கள்? கோர்ட்டுக்கா போவீர்கள்?

கணக்குப்பிள்ளை
12 ஆகஸ்ட், பிற்பகல் 1:15

கோர்ட்டுக்கு முன்னால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது ஐயா. 2019-ஆம் ஆண்டு சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைதான். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 1915-க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். ஆனால் அங்கே போய் நிற்கும்போது கையில் காகிதம் வேண்டும். எந்த வேலைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு என்று பேங்க் கணக்கு பேசினால்தான் வழக்கு நிற்கும்.

நங்கநல்லூர்_94
14 செப்டம்பர், இரவு 8:00

முதல் சண்டை வந்து போனது, சொல்கிறேன்.

மாடி நல்லபடியாக முடிந்தது, பணம் கொடுத்தாயிற்று. முதல் பாத்ரூமில் வியாழக்கிழமை மாலை நானி ட்ராப்பில் துணியை அடைத்து, சுற்றிச் சிமெண்ட் வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். நான் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. "ஆவியாகியிருக்கும் சார்" என்றார் பிளம்பர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து அதிலும் கோடு போட்டேன். சனிக்கிழமை காலை வாளியில் கோடு அப்படியே இருந்தது. பாத்ரூமில் இன்னும் இறங்கியிருந்தது.

கான்ட்ராக்டர் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ட்ராப் பைப் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிளம்பரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்த இடத்தை உடைத்து மறுபடி செய்கிறார்கள். கட்டப் பணம் 60,000 நிற்கிறது. ஆனால் நேற்றைய சனிக்கிழமை 30,000-ஐ வழக்கம்போல நாலு மணிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய விவாதம். ஆட்கள் செய்த தப்பு இல்லையே என்றாள் மனைவி.

ரசமட்டம்
14 செப்டம்பர், இரவு 9:30

அந்த வாளி உத்தியை நான் என் சைட்டில் திருடப் போகிறேன்.

நங்கநல்லூர்_94
25 செப்டம்பர், இரவு 10:45

இது நான் செய்த முட்டாள்தனம். இரண்டாவது பாத்ரூம் சுவரை உடைத்தபோது உள்ளே பழைய ஜிஐ இரும்புப் பைப் முழுக்கத் துருப்பிடித்து இருந்தது. கான்ட்ராக்டர் போன் செய்தார். நான் கிண்டியில் ரயில் ஏறிக்கொண்டிருந்தேன், ஒரே கூட்டம். "சார், இதையும் மாத்திடட்டா?" "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். நேற்று 38,000 எக்ஸ்ட்ரா என்று எழுதி வந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும். 22ஆம் தேதியிலிருந்து சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆகிவிட்டதே, எஸ்டிமேட்டில் குறைக்கச் சொல்லலாமா?

ரசமட்டம்
25 செப்டம்பர், இரவு 11:05

வாட்ஸ்அப் என்று சொன்னேன். நான் சொன்னேன்.

சரி. தொகையைப் பற்றி இப்போது பேசாதீர்கள், அளவைப் பற்றிப் பேசுங்கள். எத்தனை அடி பைப், எத்தனை நாள் பிளம்பர், எத்தனை மூட்டை பூச்சு. டேப்பை எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து அளந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

மேஸ்திரி_வீட்டுப்பிள்ளை
26 செப்டம்பர், காலை 7:00

சிமெண்ட் விஷயத்தை விட்டுவிடுங்கள் அண்ணே. 360 ரூபாய் மூட்டையில் வரி குறைந்தால் இறங்குவது 28 ரூபாய். உங்கள் வீட்டுக்கு இனிமேல் 60 மூட்டை போகுமா? 1,680 ரூபாய். அதைக் கேட்டீர்கள் என்றால் அவர் நாளைக்கு எம்-சாண்ட் ஏறியதைக் கேட்பார்.

நங்கநல்லூர்_94
28 செப்டம்பர், இரவு 7:15

அளந்தோம். பைப் 46 அடி, பிளம்பர் மூன்று நாள், பூச்சு வேலை ஒரு நாள். அவரே கணக்குப் போட்டுக் கூட்டினால் 29,000 வந்தது. 26,000 என்று முடிந்தது. 13,000 இப்போது, 13,000 பெயின்ட் முடிந்ததும். இந்த முறை வாட்ஸ்அப்பில். சிமெண்ட் பேச்சை எடுக்கவில்லை.

முதல் பாத்ரூம் இரண்டாவது டெஸ்டில் தேறியது. கோடு அசையவில்லை.

நங்கநல்லூர்_94
18 அக்டோபர், இரவு 9:00

தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள். டைல்ஸ் இன்னும் ஒரு அறை பாக்கி, அந்தக் கட்டப் பணம் வரவில்லை. "ஆளுங்களுக்குத் துணி எடுக்கணும் சார், ஒரு அம்பதாயிரம்" என்று கேட்டார். பேசிய பேச்சுக்கு மீறியது. ஆனால் வெறுங்கையோடு அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. வழக்கமான 30,000-உடன் இன்னொரு 20,000 கொடுத்து, டைல்ஸ் கட்டத்தில் கழிப்பதாக எழுதி வாங்கிக்கொண்டேன். தப்பா?

தூக்குக்குண்டு
18 அக்டோபர், இரவு 9:12

தப்பு.

மொட்டைமாடி
18 அக்டோபர், இரவு 9:40

தப்பில்லை. செய்த வேலைக்குள்தானே கொடுத்திருக்கிறீர்கள். ஒரு அறை தவிர டைல்ஸ் எல்லாம் முடிந்திருக்கிறதே, உங்கள் பணம் இன்னும் வேலைக்குப் பின்னால்தான் நிற்கிறது. முன்னால் போகாதவரை பயமில்லை. இனிப்புப் பெட்டி கொடுத்தீர்களா?

நங்கநல்லூர்_94
18 அக்டோபர், இரவு 9:55

ஏழு பெட்டி. தூக்குக்குண்டு சாருக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நங்கநல்லூர்_94
1 ஜனவரி 2026, காலை 10:30

புத்தாண்டு வாழ்த்துகள். இழையை முடித்து வைக்க வந்தேன்.

தீபாவளிக்குப் போன ஆட்கள் எட்டு நாள் கழித்துத்தான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள். பெயின்ட் நவம்பர் மூன்றாவது வாரம் முடிந்தது. இடிபாடு போக மட்டும் நாலு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. 1,12,000 அதுவரை நின்றது.

டிசம்பர் முதல் வாரம் டிட்வா புயல் மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியபோது நானும் அப்பாவும் ஹாலில் நாற்காலி போட்டு சீலிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஹாலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மூன்றாவது நாள் மாடிப்படிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக் கால் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓதம். போட்டோ அனுப்பினேன். மழை நின்ற மறுநாள் அவரே வந்து தொட்டிக் காலைச் சுற்றிப் பெயர்த்து மறுபடி அடைத்துவிட்டுப் போனார். அதற்குத் தனியாகக் கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு 47,000 அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "சார், இன்னிக்கு சனிக்கிழமைகூட இல்லயே" என்று சிரித்தார். கடைசிப் பணம் கேட்காமலே வருவது இதுதான் அவருக்கு இரண்டாவது முறையாம்.

சோபா பழைய இடத்துக்குப் போய்விட்டது.

மேஸ்திரி_வீட்டுப்பிள்ளை
1 ஜனவரி, காலை 11:10

முதல் முறை யார் என்று கேட்டீர்களா? என் கொரட்டூர் பார்ட்டியாக இருக்காது, அது மட்டும் நிச்சயம்.

புதுவீடு_பெரம்பூர்
3 ஜனவரி, இரவு 8:20

முழு இழையையும் படித்தேன். எங்களுக்கும் பாத்ரூம் வேலை இருக்கிறது. அந்த கான்ட்ராக்டர் நம்பர் கிடைக்குமா?

நங்கநல்லூர்_94
3 ஜனவரி, இரவு 9:00

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். பொங்கல் முடியும்வரை கூப்பிடாதீர்கள், ஆள் வராது. முதலில் 50% என்றுதான் சொல்வார்.